ப்ரொப்பெல்லர் அடிபட்ட பிறகு: சிறிய விமான இன்ஜினைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ரொப்பெல்லர் எதிலாவது மோதிவிட்டால் எல்லோர் கண்ணும் முதலில் வளைந்த ப்ரொப்பெல்லர் இறக்கை (பிளேடு) மேல்தான் போகும். புது ப்ரொப்பெல்லர் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்ற கணக்கும் அங்கேயே தொடங்கிவிடும். ஆனால் உயிருக்கு உலை வைக்கக்கூடிய சேதம் அதற்கு நேர் எதிர்முனையில், இன்ஜினின் பின்பக்கத்தில், துணைக்கருவிகளை ஓட்டும் கியர்கள் இருக்கும் ஆக்சஸரி கேஸுக்குள் ஒளிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகும், சத்தம் சரியாக இருக்கும், ஆயில் பிரஷர் முள்ளும் பச்சையில் நிற்கும். பிறகு ஒருநாள் டேக்-ஆஃபில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகலாம்.

அடிபட்ட இன்ஜினை "ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி விடுவிக்கவே கூடாது. பிரித்துப் பார்க்காமல் அதன் நிலை யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்ப்பது என்றால் எதை, எந்த வரிசையில், எதற்காகப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விமான உரிமையாளருக்கும் பைலட்டுக்கும் வேலையைப் புரிந்துகொள்ள உதவும். மெக்கானிக்காகப் பயிற்சி பெறுபவருக்கு ஒரு வரைபடமாக இருக்கும். அளவுகளும் டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு) எண்களும் உங்கள் இன்ஜின் மாடலின் மேனுவலில் இருப்பவைதான் செல்லும். கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற மெக்கானிக்.

எதையெல்லாம் ‘ப்ரொப் ஸ்ட்ரைக்’ என்று எடுத்துக்கொள்வது?

இங்கேதான் பலர் தங்களுக்கு வசதியான விளக்கத்தைத் தேடுகிறார்கள். விமான இன்ஜின் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனத்தின் 533-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டினும் (தயாரிப்பாளரின் பராமரிப்பு அறிவுறுத்தல்), அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2004-இல் வெளியிட்ட 2004-10-14 என்ற ஏர்வொர்த்தினெஸ் டைரெக்டிவும் (ஏ.டி., கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) இதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. மூன்று வகை உண்டு.

முதலாவது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றிருந்தாலும், இறக்கையை லேசாக அரம் போட்டுத் தேய்ப்பதைத் தாண்டி ரிப்பேர் தேவைப்படும் எந்த மோதலும். இரண்டாவது, இன்ஜின் ஓடும்போது இறக்கை ஒரு கெட்டியான பொருளில் மோதி, ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இறங்கி, ப்ரொப்பெல்லருக்குக் கட்டமைப்பு ரிப்பேரும் தேவைப்படுவது. பெயின்ட் மட்டும் போனது இதில் வராது. மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்: தண்ணீர், உயர்ந்த புல் போன்று வளைந்துகொடுக்கும் பொருளில் பட்டு ஆர்.பி.எம். திடீரென விழுவது. இதில் இறக்கையில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனாலும் இதுவும் ஸ்ட்ரைக்தான்.

நின்றிருக்கும் விமானத்தின் முன்சக்கரம் மடங்கி இறக்கை வளைவதும், ஹேங்கர் கதவு வந்து இறக்கையில் இடிப்பதும் இதே கணக்கில் வரும். "இன்ஜின் ஓடவே இல்லையே" என்ற வாதம் செல்லாது. பக்கவாட்டில் விழும் அந்தச் சுமை ப்ரொப்பெல்லரைப் பூட்டும் ஃபிளேன்ஜையும் முன் பேரிங்கையும் ஆயில் சீலையும் பதம் பார்த்துவிடும்.

இன்னொரு இன்ஜின் தயாரிப்பாளரான காண்டினென்டல் இன்னும் கறாரானது. அதன் 96-11 புல்லட்டின்படி, ஓடும் இன்ஜினின் இறக்கை எதில் பட்டு ஆர்.பி.எம். குறைந்தாலும் சரி, நின்ற இன்ஜினில் இறக்கைக்கு ரிப்பேர் தேவைப்பட்டாலும் சரி, இன்ஜினை இறக்கி முழுவதும் பிரித்தாக வேண்டும். சிலிண்டரில் திரவம் தேங்கிப் பிஸ்டன் அடைபட்டு நிற்கும் ஹைட்ராலிக் லாக்கையும் அதே புல்லட்டின் இதோடு சேர்த்துப் பேசுகிறது.

பின்பக்கம் ஏன் அடிவாங்குகிறது?

வேகமாகப் போகும் பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் உள்ளே நிற்பவர்கள் முன்னால் சரிகிறார்கள் அல்லவா, அதேதான் இங்கேயும். 2,400 ஆர்.பி.எம். என்றால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் ஒரு நொடிக்கு 40 முறை சுற்றுகிறது. இறக்கை தரையில் பட்டதும் முன்முனை வேகம் இழக்கிறது. ஆனால் பிஸ்டன்கள், கனெக்டிங் ராடுகள், கவுன்ட்டர்வெயிட்டுகள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோக்களின் ரோட்டர்கள் எல்லாம் பழைய வேகத்திலேயே சுற்றப் பார்க்கின்றன. இடையில் அகப்பட்ட ஒவ்வொரு கியர் பல்லும் ஒவ்வொரு பின்னும் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும்.

லைகோமிங் டைரக்ட்-டிரைவ் (ப்ரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றும்) இன்ஜின்களில் கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு கியர் உட்கார்ந்திருக்கிறது. கேம்ஷாஃப்ட், மேக்னெட்டோக்கள், ஆயில் பம்ப் எல்லாவற்றுக்கும் சுழற்சி இதிலிருந்துதான் போகிறது. இந்தக் கியரை இடத்தில் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட், நகராமல் நிறுத்துவது டவல் பின் என்ற ஒரு சின்ன உலோக முளை. அந்தப் பின் நசுங்கியோ போல்ட் தளர்ந்தோ போனால் கியர் மெல்ல ஆடத் தொடங்கும். ஒருநாள் டவல் பின் அறுந்தால் வால்வு, இக்னிஷன், ஆயில் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மீண்டும் ஸ்டார்ட் செய்ய வழியே இல்லாத நிறுத்தம் அது.

ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதையும் நினைவில் வையுங்கள். 700 ஆர்.பி.எம். ஐடிலில் (சும்மா ஓடும் வேகத்தில்) மோதுவதைவிட 2,400-இல் மோதும்போது சுழற்சி ஆற்றல் ஏறக்குறைய 12 மடங்கு. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு "ஐடிலில்தானே பட்டது, விட்டுவிடலாம்" என்று முடிவெடுக்க எந்தப் புல்லட்டினும் இடம் தரவில்லை.

படி 1: மோதிய அந்த நிமிடம்

மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) பிடியை இழுத்து இன்ஜினை நிறுத்துங்கள். ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தால் மேக்னெட்டோ சுவிட்சையும் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து, எரிபொருள் வால்வை மூடி, சாவியை எடுத்துவிடுங்கள். பறக்கும்போது தண்ணீரிலோ மரத்திலோ உரசியிருந்தால் கிடைக்கிற முதல் பாதுகாப்பான இடத்தில் இறங்குங்கள்.

ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றாதீர்கள். இடித்த வேகத்தில் மேக்னெட்டோவின் கிரவுண்டு வயர் அறுந்திருந்தால், சுவிட்சை அணைத்திருந்தாலும் பிளக் பொறி தட்டும். இறக்கை திரும்பி அடித்தால் கை போகும். அப்புறம், "ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம்" என்ற ஆசையை அடக்குங்கள். அந்த ஓட்டம் எதையும் நிரூபிக்காது. விரிசல் இருந்தால் அதை வளர்க்க மட்டும் செய்யும்.

எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். எந்த இறக்கை எந்தத் திசையில் வளைந்திருக்கிறது, நுனி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தரையில் எத்தனை வெட்டு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் பின்னால் பயன்படும். நுனிகள் முன்னோக்கி வளைந்திருந்தால் மோதும்போது இன்ஜின் நல்ல பவரில் இழுத்துக்கொண்டிருந்தது என்று பொதுவாகப் பொருள். பின்னோக்கி வளைந்திருந்தால் பவர் குறைவு. அந்த நேரத்து ஆர்.பி.எம்., த்ராட்டில் நிலை, மோதிய பொருள், இன்ஜின் தானாக நின்றதா நீங்கள் நிறுத்தினீர்களா என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும், உங்கள் நாட்டு விதி கேட்டால் விமான அதிகாரிகளுக்கும் தகவல் சொல்லிவிட்டுத்தான் கழற்றும் வேலை.

படி 2: காகிதங்களைச் சேர்ப்பது

ஸ்பேனரைத் தொடும் முன் இன்ஜினின் முழு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பெயர்ப்பலகையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு எழுத்துகூட முக்கியம். 2004-10-14 ஏ.டி. லைகோமிங் டைரக்ட்-டிரைவ் பிஸ்டன் இன்ஜின்களுக்குப் பொருந்தும். ஆனால் ஓ-320-எச், ஓ-360-இ, டிஐஓ-541 போன்ற சில வரிசைகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு ஏ.டி.க்கு மட்டும்தான். ‘அடிபட்டாலும் கவலையில்லை’ என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

எதற்கு என்ன அதிகாரம் என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஏ.டி. சட்டம், அதைச் செய்யாமல் அடுத்த பறப்பு கிடையாது. அது கேட்பது பின்முனைக் கியர், அது உட்காரும் குழிவு, டவல் பின், போல்ட் துளையின் மரை ஆகியவற்றின் சோதனை. லைகோமிங்கின் 475சி புல்லட்டின் அதற்கான செய்முறையைச் சொல்கிறது. ஆக்சஸரி கேஸைக் கழற்றினாலே இந்த வேலையை முடித்துவிடலாம், கிராங்க் கேஸைப் பிளக்கத் தேவையில்லை. 533 புல்லட்டின் இன்னும் மேலே போய், இன்ஜினை இறக்கி முழுவதும் பிரித்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி என்கிறது. பிரிக்காமல் பறக்க விட்டால் அந்தப் பொறுப்பு விமானத்தை விடுவித்தவருடையது என்றும் சொல்லிவிடுகிறது.

ஆக, ஏ.டி.யை மட்டும் முடித்துக் கையெழுத்துப் போட்டாலும் பல நாடுகளில் சட்டப்படி சரியாக இருக்கலாம். என் கருத்து வேறு. பின்முனைக் கியரைப் பார்த்தவர் கிராங்க்‌ஷாஃப்ட்டின் நடு ஜர்னலை (பேரிங்கில் சுழலும் பகுதி) பார்க்கவில்லை, ராடு போல்ட்டைப் பார்க்கவில்லை, கவுன்ட்டர்வெயிட்டைப் பார்க்கவில்லை. மோதலில் ஆர்.பி.எம். கண்ணுக்குத் தெரிய விழுந்திருந்தால் முழுவதும் பிரிப்பதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: கழற்றும் முன் வெளிப்பார்வை

இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கைத் திறந்து டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று பாருங்கள். இன்ஜின் மவுன்ட் குழாய்களின் வெல்டிங் மூலைகள், ரப்பர் ஐசலேட்டர்கள், கிராங்க் கேஸில் மவுன்ட் உட்காரும் காதுகள், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் சுருக்கம், முன்சக்கர அமைப்பு. மூக்கு தரையில் தட்டித்தான் ப்ரொப் அடிபட்டது என்றால் ஃபயர்வாலை இன்னும் கவனமாகப் பாருங்கள். செஸ்னா 182 போன்ற விமானங்களில் முன்சக்கரம் பலமாக இறங்கினால் ஃபயர்வால் மடிவது தெரிந்த விஷயம். ஃபயர்வாலின் கேபின் பக்கத்தையும், கம்பளத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் புதிதாக ஆயில் கசிகிறதா, முன் ஆயில் சீல் வெளியே தள்ளியிருக்கிறதா, ஸ்டார்ட்டர் ரிங் கியர் ஆடுகிறதா, எக்ஸாஸ்ட் குழாய்கள் இணைப்பில் நகர்ந்திருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுவாதீர்கள். அழுக்கின் மேல் விழுந்த புதுத் தடம் ஒரு சாட்சி.

படி 4: ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஃபிளேன்ஜை அளப்பது

மேக்னெட்டோக்களின் கிரவுண்டை உறுதிசெய்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கையாவது எடுத்துவிடுங்கள். இப்போது கம்ப்ரெஷன் இல்லை, சுற்றுவது எளிது, தற்செயலாகப் பற்றவும் பற்றாது.

கழற்றும் முன் இறக்கைகளின் நுனித் தடத்தைப் பார்க்க விரும்பினால் பார்க்கலாம். ஒரு நுனி நிற்கும் இடத்தைக் குறித்து, மற்ற நுனியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து வித்தியாசத்தை அளப்பது. 6 அடி விட்டம் வரையிலான உலோக ப்ரொப்பெல்லருக்கு ஒரு அங்குலத்தில் 16-இல் 1 பங்கு, மரத்துக்கு 8-இல் 1 பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இது தகவலுக்கு மட்டும்.

ப்ரொப்பெல்லர் நேராக அங்கீகாரம் பெற்ற ப்ரொப் ஷாப்புக்குப் போக வேண்டும். வளைந்த இறக்கையை ஹேங்கரில் நிமிர்த்துவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. கான்ஸ்டன்ட் ஸ்பீடு (இறக்கையின் கோணம் தானாக மாறும்) வகை என்றால் ஹப்பையும் பிரித்துப் பார்ப்பார்கள். மர இறக்கையோ காம்போசிட் இறக்கையோ சிதறிப்போனதால் அடி முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்ஜின் தயாரிப்பாளர் அப்படி விலக்கு கொடுத்திருந்தால் ஒழிய, சோதனை அதேதான்.

இப்போது நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ். அதன் அடித்தளத்தைக் கிராங்க் கேஸின் மூக்கில் அசையாமல் பொருத்துங்கள். ஏர்ஃப்ரேமில் பொருத்தினால் இன்ஜின் ரப்பரில் ஆடும் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். கேஜின் முனை ஃபிளேன்ஜ் முகத்தில், வெளி விளிம்புக்கு அருகே இருக்கட்டும். ஷாஃப்ட்டுக்கு முன்பின் ஆட்டம் இருக்கும் என்பதால் ஒரே பக்கம் தள்ளிப் பிடித்தபடி மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன்-அவுட். ஃபிளேன்ஜின் வெளிச்சுற்றிலும் ஒருமுறை எடுங்கள். மேனுவலின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அளவு மீறியிருந்தால் கிராங்க்‌ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, கதை முடிந்தது. அதை நிமிர்த்த முயலக் கூடாது. நைட்ரைடு செய்து கெட்டியாக்கிய மேற்பரப்பு நிமிர்த்தும்போது விரிசல் விடும்.

அளவுக்குள் இருந்தால்? அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "டயல் கேஜில் பாஸ்" என்று சொல்லி ப்ரொப்பெல்லரை மாட்டிவிடுகிறார்கள். டயல் கேஜ் ஃபிளேன்ஜ் வளையவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. முறுக்கு என்பது வேறு வகைச் சுமை. ஃபிளேன்ஜ் கண்ணாடிபோல் நேராக இருக்கும்போதே பின்பக்க டவல் பின் நசுங்கியிருக்க முடியும். இந்த அளவீடு கிராங்க்‌ஷாஃப்ட்டைக் கழிக்கப் பயன்படும், இன்ஜினை விடுவிக்கப் பயன்படாது.

படி 5: ஆயில் என்ன சொல்கிறது

ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடியுங்கள். ஃபில்டரை அதற்கான கட்டரால் வெட்டி, காகித மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். சக்‌ஷன் ஸ்கிரீனையும் எடுங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: கியர், கேம், டாப்பெட். ஒட்டாமல் மினுங்குவது அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம். ஒன்றும் இல்லை என்றாலும் அது நற்சான்றிதழ் ஆகாது. விரிசல் துகள் உதிர்ப்பதில்லை.

படி 6: இன்ஜினை இறக்குவது

ஒவ்வொரு குழாய்க்கும் வயருக்கும் அட்டை கட்டுங்கள், திறந்த வாய்களை மூடுங்கள். இன்ஜினைத் தூக்கும் முன் வாலுக்குக் கீழே தாங்கல் வைக்க மறக்கவே கூடாது. முன்சக்கர விமானத்தில் இன்ஜினின் எடை போனதும் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

படி 7: பின்முனைக் கியர்

லைகோமிங் இன்ஜினில் இதுதான் இந்த வேலையின் மையம். அவசரப்படாதீர்கள்.

ஆக்சஸரி கேஸை எடுத்ததும், எதையும் துடைக்காமல் கியர் பற்களைப் பாருங்கள். ஒருபக்கமாக அழுந்திய தடம், உடைந்த விளிம்பு இருக்கிறதா? கிராங்க் கியரைக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டோடு ஒன்றாக அசைய வேண்டும், தனியாகத் துளியும் நகரக் கூடாது. லாக் பிளேட் மடிப்பு சரியாக இருக்கிறதா, போல்ட் இறுக்கம் விட்டிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

கியரை எடுத்ததும் நான்கு இடங்கள். கியர் உட்காரும் குழிவின் முகம்: தேய்மானம், உலோகம் ஒட்டிப் பிய்ந்த தடம், துரு, செம்பழுப்புத் தூள். அந்தத் தூள் இருந்தால் இரண்டு பரப்புகள் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டிருந்தன என்று பொருள், அது இந்த மோதலுக்கு முன்பேகூடத் தொடங்கியிருக்கலாம். டவல் பின்: நசுங்கல், சாய்வு, துளையில் தளர்வு. போல்ட் துளையின் மரை: நீட்சி, சேதம். கடைசியாக கியர், அதன் டவல் பின் துளையும் சேர்த்து. இவற்றில் எதைச் சீர்செய்யலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது புல்லட்டினில் இருக்கிறது.

பழைய போல்ட்டும் பழைய லாக் பிளேட்டும் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் திரும்பப் போகக் கூடாது. புதியவை மட்டுமே. பூட்டும்போதும் ஒரு வரிசை உண்டு. முதலில் குறைந்த டார்க்கில் இறுக்கி, கியரின் விளிம்பைச் சுற்றிப் பித்தளைத் துண்டு வைத்து மெல்லத் தட்டி, கெட்டியான சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கியரில் உள்ள மூன்று வளைவு வெட்டுகளிலும் 0.001 அங்குல ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் நுழையக் கூடாது. நுழைந்தால் கியர் முகத்தோடு முகம் உட்காரவில்லை. அதற்குப் பிறகுதான் முழு டார்க், லாக் பிளேட் மடிப்பு. டார்க் அளவு போல்ட்டின் அளவைப் பொறுத்து மாறும், ஊகிக்காதீர்கள்.

படி 8: கேஸைப் பிளந்து கிராங்க்‌ஷாஃப்ட்டைச் சோதிப்பது

சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டன் பின், ராடு, டாப்பெட் ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எண்ணிட்டுத் தனித்தனியாக வையுங்கள். சிலிண்டர்களைக் கழற்றிய பிறகு, கேஸின் இரு பாதிகளையும் இணைக்கும் த்ரூ-போல்ட்டுகளில் இறுக்கம் இல்லாமல் கிராங்க்கைச் சுற்றாதீர்கள். மெயின் பேரிங் ஓடுகள் இடம் நகரும்.

கிராங்க்‌ஷாஃப்ட்டின் ஆயில் வழிகளில் உள்ள கசடு முழுவதையும் எடுத்து, கிரீஸ் இல்லாமல் சுத்தம் செய்தபின் காந்தத் துகள் சோதனை. இதை இரண்டு திசையில் செய்ய வேண்டும். ஷாஃப்ட்டின் நீளவாக்கில் மின்சாரம் செலுத்தினால் நீளவாக்கு விரிசல்கள் தெரியும். சுருளுக்குள் வைத்துக் காந்தமாக்கினால் குறுக்கு விரிசல்கள் தெரியும். ஒளிரும் துகள்களை ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஃபிளேன்ஜ் ஷாஃப்ட்டோடு சேரும் வளைவு, ஜர்னல்களின் ஓர வளைவுகள், ஆயில் துளைகளின் வாய், பின்முனையின் டவல் துளை ஆகிய இடங்களில் அதிக நேரம் செலவிடச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்கியாக வேண்டும். மறந்தால் கிராங்க்கே இரும்புத் துகளை இழுத்துப் பேரிங்கில் சேர்க்கும்.

ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்து நடு ஜர்னல்களின் ரன்-அவுட்டையும் அளக்கவும். முன்முனை உள்ளீடற்ற கிராங்க் என்றால் உட்புறத்தில் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

6 சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றிலும் சில 4 சிலிண்டர் மாடல்களிலும் கிராங்க்கில் ஊசலாடும் கவுன்ட்டர்வெயிட்டுகள் இருக்கும். முறுக்கு அதிர்வை விழுங்குவது அவற்றின் வேலை. திடீர் நிறுத்தத்தில் அவை தங்கள் ரோலர்களிலும் புஷ்களிலும் சுத்தியலாக இடிக்கின்றன. புஷ் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, ரோலரில் பள்ளம் விழுந்திருக்கிறதா, வளைய கிளிப்பும் வாஷரும் தெறித்திருக்கின்றனவா என்று அளந்தே பாருங்கள், கண்ணால் போதாது.

படி 9: ராடு, கேம், கேஸ்

கனெக்டிங் ராடுகளை வளைவுக்கும் முறுக்குக்கும் அளந்து, காந்தத் துகள் சோதனைக்கும் அனுப்புங்கள். ராடு போல்ட்டுகளும் நட்டுகளும் புதிது. கேம்ஷாஃப்ட்டும் எல்லா எஃகுக் கியர்களும் அதே சோதனை. ஆயில் பம்பின் கியர்களையும் ஷாஃப்ட்டையும் விட்டுவிடாதீர்கள்.

அலுமினியத்தில் காந்தம் வேலை செய்யாது. கிராங்க் கேஸ், ஆக்சஸரி கேஸ், பிஸ்டன்களுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை. முன் மெயின் பேரிங்கைச் சுற்றிய பகுதியும் மவுன்ட் காதுகளும் சந்தேகத்துக்குரியவை. கேஸ் பாதிகள் சேரும் முகத்தில் உரசல் தடம் இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்திருக்கின்றன.

ரோடாக்ஸ் 912 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு வழி சற்று வேறு. அதில் ப்ரொப்பெல்லருக்கும் கிராங்க்குக்கும் நடுவே வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ் இருக்கிறது, மாடலைப் பொறுத்து 2.27 அல்லது 2.43 விகிதம். பல மாடல்களில் அதிகச் சுமை வந்தால் நழுவும் கிளட்சும் உண்டு. அதனால் கியர்பாக்ஸைப் பிரித்துச் சோதிப்பது முதல் வேலை. ஆனால் அந்த இன்ஜினின் கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. மோதலில் துண்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பிவிட வாய்ப்பிருக்கிறது என்பதால் கிராங்க்கின் ரன்-அவுட்டையும் அளந்தாக வேண்டும். கிளட்ச் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது.

படி 10: துணைக்கருவிகள்

இன்ஜினை முழுக்கப் பிரித்துவிட்டு மேக்னெட்டோவைத் துடைத்து மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். மேக்னெட்டோவின் ரோட்டர் கனமானது, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் மென்மையானது. ஸ்டார்ட் ஆக உதவும் இம்பல்ஸ் கப்ளிங்கும் அதே அடியை வாங்கியிருக்கிறது. திறந்து சோதிக்க அனுப்புங்கள். உலர் வகை வேக்குவம் பம்பின் உள்ளே இருப்பது கார்பன், அது திடீர் நிறுத்தத்தை விரும்பாது. மாற்றிவிடுவதே மலிவு. ப்ரொப்பெல்லர் கவர்னர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், இன்ஜினால் ஓடும் எரிபொருள் பம்ப் எல்லாம் அவரவர் தயாரிப்பாளர் மேனுவல்படி. ஆயிலில் உலோகம் கிடைத்திருந்தால் ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் சுத்தம் செய்யக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள் அல்லது மாற்றுங்கள்.

இன்ஜின் மவுன்ட்டைப் பெயின்ட் நீக்கிச் சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

படி 11: திரும்பப் பூட்டுவதும் பணக் கணக்கும்

லைகோமிங்கின் 240-ஆம் எண் புல்லட்டின் எந்தெந்தப் பாகத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று பட்டியல் தருகிறது. அதை அருகில் வைத்துக்கொண்டு பூட்டுங்கள். த்ரூ-போல்ட்டுகளை மேனுவல் சொன்ன வரிசையில், சொன்ன படிகளில் இறுக்குங்கள்.

இங்கே உரிமையாளர் ஒரு முடிவெடுக்க வேண்டும். லைகோமிங் ஓ-320 வகைகள் பலவற்றுக்கு ஓவர்ஹால் (முழுப் புதுப்பிப்பு) இடைவெளி 2,000 மணி, காண்டினென்டல் ஓ-200-இல் பலவற்றுக்கு 1,800. உங்கள் இன்ஜின் அதன் பெரும்பகுதியைக் கடந்திருந்தால், எப்படியும் பிரித்துக் கிடக்கும்போதே ஓவர்ஹாலை முடித்துவிடலாம். காப்பீடு பொதுவாக மோதலால் வந்த சேதத்துக்கும் அதைக் கண்டுபிடிக்கப் பிரித்ததற்கும் பணம் தரும், வழக்கமான தேய்மானத்துக்குத் தராது. வேலை தொடங்கும் முன்பே எது யார் பங்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு பேரம் பேசுவது கடினம்.

படி 12: முதல் ஓட்டமும் அடுத்த 25 மணியும்

பிளக் இல்லாமல், ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி முதலில் ஆயிலை எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள். ஸ்டார்ட்டருக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள். இன்ஜின் பற்றிய பிறகு 30 நொடிக்குள் பிரஷர் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். தரை ஓட்டத்தைக் குறுகியதாக வைத்து, கசிவு பார்த்து, மேக்னெட்டோ வீழ்ச்சியைக் குறித்து, ஃபில்டரை மறுபடியும் வெட்டிப் பாருங்கள்.

புது ரிங்குகள் போட்டிருந்தால் அவை சிலிண்டரோடு படிய வேண்டும். பல மாடல்களில் இதற்குச் சேர்மானமில்லாத மினரல் ஆயிலைப் பயன்படுத்துவார்கள், 50 மணி அல்லது ஆயில் செலவு நிலைக்கும் வரை. சில டர்போ இன்ஜின்களுக்குத் தொடக்கத்திலிருந்தே வேறு ஆயில், மேனுவலைப் பாருங்கள். முதல் பறப்புகளில் பவரை மிகக் குறைத்து ஓட்டினால் ரிங் படியாது, எனவே விமான நிலையத்தின் மேலேயே, இறங்கும் தூரத்தில், நல்ல பவரில் வட்டமிடுங்கள். முதல் 10 மணியிலும் 25 மணியிலும் ஃபில்டர் வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ப்ரொப்பெல்லரும் கிராங்க்கும் மாறியிருந்தால் டைனமிக் பேலன்ஸ் செய்வது கட்டாயமில்லை, ஆனால் செலவுக்கு மேல் பலன் தரும்.

லாக் புக்கில் எழுத வேண்டியது

"ப்ரொப் மாற்றப்பட்டது, இன்ஜின் சோதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. என்ன நடந்தது, எந்த ஏ.டி.யும் எந்தப் புல்லட்டினும் எந்தத் திருத்தப் பதிப்பில் பின்பற்றப்பட்டன, எந்தப் பாகங்கள் எந்தச் சீரியல் எண்ணோடு சோதிக்கப்பட்டன, எவை புதிது, ரன்-அவுட் எவ்வளவு வந்தது என்று எழுதி, சோதனைக் கூடத்தின் அறிக்கைகளைப் பின்னால் இணையுங்கள். கழித்த பாகங்களைக் காப்பீட்டுக் கணக்கு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

பழைய விமானம் வாங்குபவர்களும் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். ப்ரொப்பெல்லர் லாக் புக்கில் இறக்கை மாற்றமோ திடீர் ஓவர்ஹாலோ இருக்கும் தேதியை எடுத்துக்கொண்டு, இன்ஜின் லாக் புக்கில் அதே காலத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இன்ஜினைப் பிரித்த பதிவு எதுவும் இல்லை என்றால், விலை பேசும் முன் ஏன் என்று கேளுங்கள். காகிதத்தோடு பதில் வரவில்லை என்றால் கிராங்க் கியரைப் பார்க்கும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். பார்த்து முடிக்கும் வரை அந்த விமானத்தில் பறக்காதீர்கள்.